ஐந்தாண்டுத் திட்டம் எங்களிடம் நிறையவே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஊர்ச் சிறுதொழில்களுக்கு வியூகத் திட்டமிடல் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால்தான் அவை வளராமல் நிற்கின்றன என்று உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு நிர்வாக ஆலோசகர் எழுதியிருந்தார். ஆளுக்கொரு ஐந்தாண்டுத் திட்டம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தொலைநோக்கு, குறிக்கோள், பலம் பலவீனம் எல்லாம் கட்டம் போட்டு நிரப்புங்கள் என்று அறிவுரையும் சொல்லியிருந்தார். நான் சிவகாசியில் அச்சகங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். ஒரே இடத்தில் உத்தியோகம் இல்லை. நாலைந்து ஆபீசுக்கு முறை வைத்துப் போய்வருவேன். ஆஃப்செட் மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பேரேடு பார்த்தே தலை நரைத்துவிட்டது.

அவருக்கு ஒரு சேதி. ஐந்தாண்டுத் திட்டம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. டைப் அடிக்கிறவளே நான்தான்.

மெஷின் வாங்க லோன் என்று வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது புராஜெக்ட் ரிப்போர்ட். முதல் வருஷம் மெஷின் திறனில் 60 சதவீதம் ஓடும், மறுவருஷம் 65, அதற்கடுத்து 70 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். விற்பனையும் கூடவே ஏறும். சம்பளம் கொஞ்சம்போல ஏறும். பேப்பர் விலை மட்டும் ஐந்து வருஷமும் அசையாமல் நிற்கும். கடைசிப் பக்கத்தில் டி.எஸ்.சி.ஆர். என்று ஒரு எண் வரும். சம்பாதிக்கிற காசில் தவணையும் வட்டியும் கட்ட எத்தனை மடங்கு தெம்பு இருக்கிறது என்று காட்டுகிற எண் அது. ஒன்றரைக்குக் கீழே போனால் ஃபைல் மேஜையை விட்டு நகர்வது கஷ்டம். அதனால் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் அந்த ஒன்றரையில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னுக்கு எழுதப்படுகின்றன. எவ்வளவு விற்றால் ஒன்றரை வரும் என்று பார்த்துவிட்டு, அந்த விற்பனையை மேலே போடுவார்கள். இது ஆடிட்டருக்கும் தெரியும், வங்கி அதிகாரிக்கும் தெரியும். லோன் கையெழுத்தான மறுநாளிலிருந்து அந்த ஃபைலைத் திறந்து பார்க்கிற ஆளில்லை.

ஆக, திட்டம் எழுதாததுதான் குறை என்று ஆலோசகர் சொல்வது பொருந்தாது. எழுதுகிற திட்டம் தொழில் நடத்துகிறவனுக்காக எழுதப்படுவதில்லை என்பதுதான் குறை. நிஜமாகத் தொழிலைத் தூக்கி நிறுத்துகிற திட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அது வேறு மாதிரி இருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்க்கிற கரிசல் பூமி, விவசாயத்தை நம்பி உட்கார முடியாது. ஆனால் தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு இந்த வெயிலைப் போல வேறு எதுவும் தோதுப்படாது. இது எல்லாரும் சொல்கிற கதை. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னாராம் என்பதையும், ஊருக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் எங்களிடமே ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கணக்குக்காரி என்பதால் எனக்குப் பிடித்த இடம் வேறு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் என்பது அந்தக் காலத்துப் பேரேட்டில் செலவுப் பக்கம். அந்தச் செலவுக்கு உள்ளூரிலேயே வழி பண்ணப் போய்த்தான் இங்கே அச்சுத் தொழில் வேர்விட்டது. லேபிள் வேலை இல்லாத மாதத்தில் மெஷினை நிறுத்தி வைப்பானேன் என்று காலண்டர், நோட்டு, டைரி, வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. செலவுப் பக்கத்தில் இருந்த ஒன்று வரவுப் பக்கத்துக்கு வந்துவிட்டது. எந்த ஆலோசகரும் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு நேர்த்தி உண்டு. ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். முருகன், லட்சுமி, வெங்கடாசலபதி, குழந்தைப் படம், தலைவர் படம் எல்லாம் அடங்கிய மாதிரிப் புத்தகம். ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை என்று ஆர்டர் பிடித்து அனுப்ப, இங்கே அடியில் கடைப் பெயர் அடித்துக் கட்டி அனுப்புவோம். ஆவணியில் சூடு பிடிக்கிற வேலை தைப் பொங்கல் வரைக்கும் ஓடும். மாசி, பங்குனியில் நோட்டுப் புத்தகம், ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். ஆடியும் மார்கழியும் தவிர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. பட்டாசு லேபிள் தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்து அடுத்த தீபாவளிக்குச் சற்று முன்பு வரை. ஒன்று ஓயும்போது இன்னொன்று எழும். பன்னிரண்டு மாதத்துக்கும் மெஷினுக்கு வேலை.

இந்தப் பன்னிரண்டு மாதச் சக்கரம் பல்பல்லாக உடைந்ததைத்தான் நான் பேரேட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் வாழ்த்து அட்டை செல்போன் வந்ததும் போனது. அதற்கு யாரும் அழவில்லை, மெதுவாகப் போனதால். அடுத்தது லேபிள். 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும் என்று சொல்லி, சரவெடியையும் பட்டாசு மருந்தில் சேர்க்கிற பேரியம் உப்பையும் தடை செய்தது. சரவெடி லேபிளையே நம்பியிருந்த அச்சகங்களுக்கு அன்றைக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. கோடவுனில் அடித்து வைத்த லேபிள் கட்டுக் கட்டாகக் கிடந்தது. பச்சை முத்திரையும் கியூஆர் கோடும் இல்லாத லேபிளை யார் வாங்குவார்கள்?

இங்கேதான் ஆலோசகரோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகிறேன். அந்தக் கல் திடீரென்று விழவில்லை. தில்லியில் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் அந்த வழக்குப் போடப்பட்டது 2015ல். 2016 நவம்பரில் தலைநகர் வட்டாரத்தில் பட்டாசு விற்கிற லைசென்சுகளை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2017 அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால் அங்கே விற்பனைக்கே தடை. அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் நாடு முழுமைக்குமான தீர்ப்பு. மூன்று வருஷமாகச் செய்தி நடந்து நடந்து நம் வாசலுக்கு வந்திருக்கிறது. உங்கள் பத்திரிகையிலும் வந்ததுதான். என்ன, அது தேசியச் செய்திப் பக்கத்தில் வந்தது. வணிகப் பக்கத்தில் அன்றைக்குத் தங்கம் விலை இருந்தது.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் பியர் வாக் என்பவரும் அவர் குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்களாம். இனி என்ன நடக்கும் என்று ஒரே எண்ணைக் கணித்துச் சொல்லாமல், இப்படி நடந்தால் என்ன செய்வோம், அப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று இரண்டு மூன்று கதையாக எழுதி மேலதிகாரிகளிடம் கொடுப்பார்கள். எண்ணெய் விலை எகிறுகிற கதையும் அதில் ஒன்று. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, மற்றவர்கள் திகைத்து நிற்க, அவர்கள் அதை ஏற்கெனவே யோசித்துப் பார்த்தவர்களாக இருந்தார்கள். மாவட்டத் தொழில் மையம் மாதிரியான இடங்களில் பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் பலம் பலவீனக் கட்டத்தை விட்டுவிட்டு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் கோடிப் புண்ணியம். 2016லேயே ஒரு லேபிள் அச்சகத்தில் “இந்தத் தடை தமிழ்நாட்டுக்கும் வந்தால்?” என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால், புதிதாக லேபிளுக்கென்று மெஷின் வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லா அடியும் நடந்து வருவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடியது, நோட்டு நின்றது. அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் பொதுத்துறை வங்கிகளும் இனிக் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை அச்சடிக்கக் கூடாது, எல்லாம் டிஜிட்டல். ஆடிப் பதினெட்டு முடிந்து, பேப்பர் வாங்கி இறக்கிய பிறகு வந்த அறிவிப்பு. நான் கணக்குப் பார்த்த ஓர் அச்சகத்தில் பாதி விற்பனை ஒரே வங்கியின் காலண்டர். அந்த வங்கி மேல் பிழை இல்லை, அவர்களுக்கும் உத்தரவு. பின்னர் 2025ல் ஜி.எஸ்.டி. மாற்றம். செப்டம்பர் 3ஆம் தேதி அறிவித்து 22ஆம் தேதி அமல். நோட்டுக்கு இருந்த 12 சதவீத வரி பூஜ்யம். நல்லதுதானே என்று கேட்பீர்கள். வாங்குகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் விற்கிற பொருளுக்கு வரி இல்லை என்றால், அதற்காக வாங்கிய மை, பிளேட், அட்டைக்குக் கட்டிய வரியை நாங்கள் கழித்துக்கொள்ள முடியாது. அது செலவில் ஏறும். நோட்டுக்கான பேப்பர் தவிர்த்த மற்றப் பேப்பர் வகைகள் பலவற்றுக்கு 12 போய் 18 ஆனது. ஒரே கோடவுனில் இருக்கிற ரீமில் எது நோட்டுக்கு, எது காலண்டருக்கு என்று பிரித்து எழுத நான் பட்ட பாடு தனிக் கடிதம்.

பத்தொன்பது நாளில் வருகிறதை எந்த வியூகமும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு வேண்டியது கையிருப்பு. நடந்து வருவதற்கு யோசனை, விழுந்து வருவதற்குக் காசு. இரண்டையும் ஒரே ஐந்தாண்டுப் பட்டியலில் போட்டுக் குழப்பக் கூடாது.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். நான் போகிற அச்சகங்களில் ஒன்றின் முதலாளி அவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். பெரிய படிப்பு இல்லை. வெட்டு மெஷின் பக்கத்துச் சுவரில் பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மார்க்கர் பேனாவில் நாலு வரி எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த விற்பனையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஒரு வரி. பாதி நேரத்துக்காவது வேலை கையில் இல்லாமல் புது மெஷின் வாங்கக் கூடாது என்பது இன்னொன்று. மூன்று மாதச் சம்பளமும் பேப்பர் காசும் டெபாசிட்டில் கிடக்க வேண்டும், சீசனில்கூட அதைத் தொடக் கூடாது. நாலாவது வரி: வருஷம் ஒரு வேலையை விட வேண்டும்.

முதல் மூன்றும் புத்தியுள்ள எவரும் சொல்வதுதான், செய்வதுதான் கஷ்டம். நாலாவதைப் பார்த்து நானே முதலில் சிரித்தேன். வருகிற வேலையை யாராவது விடுவார்களா?

ஒரு மாசி மாதம். சீசன் கணக்கு முடித்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

“ஏம்மா, போன வருசம் கல்யாணப் பத்திரிகையில நமக்கு என்ன நின்னுச்சு?”

“பில்லப் பாத்தா நல்லாத்தான் நின்னுருக்கு அண்ணாச்சி. கையில ரொக்கமா வேற தாராக.”

“பில்ல விடு. மெஷின் எத்தன மணி நேரம் நின்னுச்சு?”

அதை நான் எழுதுவதே இல்லை. எந்தக் கணக்கிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. மறுநாளே மெஷின் ஓரத்தில் கம்பியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு வேலைக்கும் பிளேட் ஏற்றி, கலர் சரிபார்த்து, மேக்ரெடி என்கிற ஆயத்த வேலை முடிய எவ்வளவு நேரம், ஓடியது எவ்வளவு நேரம், கழிவு எத்தனை தாள் என்று மெஷின்மேன் எழுத வேண்டும். மெஷின்மேன் தம்பி முதலில் முணுமுணுத்தார், பிறகு அவருக்கே சுவாரஸ்யம் வந்துவிட்டது. சில மாதம் கழித்து நான் கூட்டிப் பார்த்தேன். ஐந்நூறு பத்திரிகைக்கு மெஷின் ஓடியது சில நிமிஷம், தயாராக நின்றது முக்கால் மணி, ஒரு மணி. தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு, மண்டபம் மாறிப்போச்சு என்று நடுவில் போன் வந்தால் பிளேட்டே மறுபடியும். பத்திரிகை வேலை லாபம்தான், ஆனால் அது தின்கிற மெஷின் நேரத்தில் வேறு எது அடித்தாலும் அதைவிட லாபம்.

விட்டுவிட்டார். மூன்று தலைமுறையாக அடிக்கிற குடும்பங்கள் வந்து சண்டை போட்டன. அவர் வீட்டம்மாவே, “சொந்தக்காரங்க மொகத்துல முழிக்க வேண்டாமா?” என்று கேட்டார்கள். வந்தவர்களைப் பக்கத்துத் தெருவில் மினி ஆஃப்செட் வைத்திருக்கும் ஒருவரிடம் கையோடு கூட்டிப்போய் விட்டார், கமிஷன் வாங்காமல். அந்த மினி ஆஃப்செட்காரர் தனக்குத் தாங்காத பெரிய அட்டைப்பெட்டி வேலைகளை இப்போது இவருக்குத் திருப்பிவிடுகிறார்.

காலண்டரையும் பாதியாகக் குறைத்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். சிவகாசியில் காலண்டரைக் குறைக்கிறவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். அதற்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கும் ஒரு காரணம், ஆகவே இங்கே எழுதுகிறேன். ஐந்து லட்ச ரூபாய் காலண்டர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு சதவீதம் லாபம், நாற்பதாயிரம். அசல் செலவு நாலு லட்சத்து அறுபதாயிரம். சரக்கு மார்கழிக்குள் போய்விடும், பணம் வந்து சேர ஐந்து மாதம் ஆகும். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் அந்த ஐந்து மாதத்துக்கு 23 ஆயிரம். இதில் மூன்று லட்ச ரூபாய் பேப்பரை இரண்டு மாதம் முன்னாலேயே ரொக்கத்துக்கு வாங்கி இறக்கியிருப்போம், அதற்கு வட்டி ஆறாயிரம். மிச்சம் 11 ஆயிரம். கடைசியில் ஏஜென்ட் கணக்கு முடிக்கும்போது படம் மங்கல், தகரப் பட்டை வளைந்துவிட்டது, கட்டுக்குப் பத்து குறைகிறது என்று இரண்டு சதவீதம் கழிப்பார். அது பத்தாயிரம். ஐந்து லட்ச ரூபாய் வியாபாரத்தில் கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். பொங்கல் தாண்டினால் விற்காத காலண்டர் எடைக்குப் போடத்தான் லாயக்கு, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொரு பக்கம் ஸ்வீட் ஸ்டாலுக்கு அட்டைப்பெட்டி. மாதம் அறுபதாயிரத்துக்குப் பில், முப்பது நாளில் பணம், பத்து சதவீதம் லாபம். ஆறாயிரம்தானே என்று தோன்றும். வட்டிக்கு மாதம் ஐந்நூற்றுச் சொச்சம் போனாலும், வருஷத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் நிற்கும். போட்ட காசு பன்னிரண்டு தடவை சுற்றி வருகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1ல் அமலானது. அறிவித்தது 2018 ஜூனிலேயே. அந்த ஆறு மாதத்தில் அண்ணாச்சி மதுரை, திருநெல்வேலிப் பக்கம் கடை கடையாகப் போய் மாதிரிப் பெட்டி கொடுத்துவிட்டு வந்தார். நடந்து வருகிறதில் நல்லதும் உண்டு.

பணம் தாமதமாக வருவதைப் பற்றிச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில், பணம் கொடுக்கும் வரை, கழித்துக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிரிவும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிறு நிறுவனம் என்று காட்டுவது உத்யம் என்கிற அரசுப் பதிவு எண். ஆனால் எங்கள் ஊரில் “பில்லுல உத்யம் நம்பர் போடாதீங்கக்கா, அப்பத்தான் ஆர்டர்” என்று சொல்லுகிற ஏஜென்ட்டை எனக்குத் தெரியும். சட்டத்தை நம்பி காலண்டர் அடிக்க முடியாது.

பெட்டி வேலைக்கு மாறியதால் இன்னொரு நன்மையும் வந்தது, அது நான் எதிர்பாராதது. எங்கள் ஊரில் ஆள் நிற்க வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். சீசனுக்கு முன் மெஷின்மேனுக்கும் பைண்டிங் பெண்களுக்கும் கொடுக்கிற அட்வான்ஸ் பேரேட்டில் தனித் தலைப்பு. கொடுத்ததில் பாதி திரும்பாது. மாசியில் வேலை இல்லாதபோது அவர்கள் அடுத்த அச்சகத்தில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுத்தால் குடும்பம் எப்படி ஓடும்? மாதாமாதம் பெட்டி வேலை வந்ததும் அண்ணாச்சி ஆபீசில் அந்தத் தலைப்பு இளைத்துக்கொண்டே வருகிறது. பைண்டிங்கில் இருக்கிற அக்காமார் பங்குனியிலும் ஆறு நாள் வருகிறார்கள்.

அண்ணாச்சியைப் பெரிய வெற்றிவீரராகக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் நிதானமாகத்தான் வளர்ந்திருக்கிறார். ஒரே கம்பெனியை நம்பி மொத்த மெஷினையும் அதற்கே ஓட்டி, அவரைவிட மூன்று பங்கு பெரிதான ஆள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் கம்பெனி இன்றைக்கு வரை நன்றாக இருக்கிறது. கால் பங்கு விதி அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஜெயித்தவன் எல்லாரும் திட்டம் போட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பர் சுற்றறிக்கை வந்த வாரத்தில் யார் வீட்டில் தூக்கம் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆலோசகர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி யோசிப்பதற்கு மானியமும் ஒரு காரணம். மத்திய அரசின் கடனோடு இணைந்த மூலதன மானியத் திட்டம் 15 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது, 2020 மார்ச்சோடு முடிந்தது. மாநில அரசின் மூலதன மானியம் 25 சதவீதம் இருக்கிறது. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மானியம் மெஷினுக்கு மட்டும்தான். ஆகவே எல்லாரும் மெஷின் வாங்குகிறார்கள். ஒரு தெருவில் ஒருவர் நாலு கலர் மெஷின் இறக்கினால், அடுத்த வருஷத்துக்குள் அதே தெருவில் இன்னும் மூன்று இறங்கும். நாலு பேர் புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் மெஷின் 70 சதவீதம் ஓடும் என்று இருக்கும், ஊரில் இருக்கிற வேலை ஒருவருக்கே 70 சதவீதத்துக்குக் காணும். அப்புறம் என்ன, ஆயிரம் இம்ப்ரஷனுக்கு, அதாவது ஆயிரம் தடவை அச்சடிக்க, இவர் பத்து ரூபாய் குறைக்க, அவர் இருபது குறைப்பார். ரேட் கீழே போகப் போக நோட்டில் எழுதுகிற என் பேனாவுக்கே வெட்கமாக இருக்கும். நாலு ரிப்போர்ட்டும் ஒரே வங்கிக் கிளையில்கூட இருந்திருக்கலாம். அடுத்தடுத்து வைத்துப் படிக்கிற வேலை யாருடையது?

போன வருஷம் அண்ணாச்சிக்கு பெட்டி அட்டையை வடிவமாக வெட்டுகிற ஒரு டை கட்டிங் மெஷினுக்கு லோன் கேட்டோம். வழக்கமான ரிப்போர்ட்டோடு, சுவரில் இருக்கிற நாலு வரியையும், மெஷின் நோட்டிலிருந்து எடுத்த வேலை வாரியான கணக்கையும் சேர்த்து வைத்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் நல்ல பிள்ளை, பொறுமையாகப் புரட்டினார். “மேடம், இதுக்கு ஃபார்மட்ல இடம் இல்லையே” என்று அந்த இரண்டு தாளையும் உருவித் திருப்பிக் கொடுத்துவிட்டார். லோன் வந்துவிட்டது, குறை இல்லை. வங்கி படித்துப் பார்த்திருக்க வேண்டிய தாள்கள் அந்த இரண்டு மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. வணிகப் பக்கத்தில் ‘சாதித்தவர்கள்’ வரிசை வாரம் தவறாமல் வருகிறது. அதில் அவர்கள் எதைத் தொடங்கினார்கள் என்பதோடு எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்றும் ஒரு கேள்வி கேட்டுப் போடுங்கள். இரண்டாவது, சிறுதொழிலைத் தொடுகிற வழக்குகள், வரைவு விதிகள், வரி மாற்ற ஆலோசனைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மாதம் ஒருமுறை கால் பக்கம் தமிழில் போடுங்கள். சிவகாசிக்குப் பட்டாசு வழக்கு, திருப்பூருக்கு ஏற்றுமதிச் சரக்கு மேல் வெளிநாடு போடுகிற வரி, கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு பிளாஸ்டிக் லைட்டர் இறக்குமதி என்று ஊர் வாரியாகப் பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. தங்கம் விலையைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறோம்.

ஆலோசகருக்கும் ஒரு வேண்டுகோள். வங்கிகளோடு பேசக்கூடிய இடத்தில் இருப்பவர் என்று தெரிகிறது. புராஜெக்ட் ரிப்போர்ட் படிவத்தில் அடுத்த ஐந்து வருஷ விற்பனைக்கு ஒதுக்கியிருக்கிற பக்கங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு, உங்கள் பெரிய வாடிக்கையாளர் நாளைக்கு நின்றுவிட்டால் எத்தனை மாதம் தாங்குவீர்கள், இந்த வருஷம் எந்த வேலையை விடப் போகிறீர்கள் என்று இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். டைப் அடிக்க நான் தயார். அந்த இரண்டுக்கும் விடையைப் பின்னாலிருந்து முன்னுக்கு எழுத முடியாது.

இப்படிக்கு,
ஓர் அச்சகக் கணக்கர்,
திருத்தங்கல், சிவகாசி.